கோட்டைச் சுவரும் நெருப்பு வட்டும்

பிப்ரவரி 25

என் தங்கை உர்சினாவின் இடது கையில் மாவுக்கட்டு. மாடிப்படியில் விழுந்தாளாம். கல்யாணமான மூன்று வருஷத்தில் எத்தனை முறைதான் விழுவாள்! "பிளாசி தள்ளினானா?" என்றேன். "சும்மா இரு அக்கா, அவர் காதுல விழுந்துரும்." அவள் புருஷன்காரன் பிளாசி அடுத்த அறையில் சீட்டியடித்தபடி பூட்சுக்குப் பாலிஷ் போடுகிறான்.

பிப்ரவரி 27

ரொட்டிக்கடையில் சொல்லிப் பார்த்தேன். "புருஷன் பொண்டாட்டி விஷயம், நமக்கெதுக்கு மெங்கியா?" எல்லாரும் இதே பாட்டு.

மார்ச் 1, ஞாயிறு

இன்றைக்கே எழுதணும்.

தவக்காலத்து முதல் ஞாயிறு. இருட்டத் தொடங்கியதும் ஊரே இடிந்த கோட்டைக்கு ஏறியது. மர வட்டைக் கோலில் குத்தி, தணலில் பழுக்கவைத்து, யார் பேருக்கு என்று கூவி, கீழே ரைன் ஆற்றுப் பக்கம் வீசுவோம். என்ன கூவினாலும் அன்றைக்கு யாரும் கோபிக்கக்கூடாது, அதுதான் வழக்கம். பிளாசி முதல் ஆளாக நின்றான். "இது என் கண்ணு உர்சினாவுக்கு!" கைதட்டல். அவள் மாவுக்கட்டோடு நிற்கிறாள், இவர்கள் கை தட்டுகிறார்கள்!

ஒரு கோலைப் பிடுங்கினேன். "இது பிளாசிக்கு! பொண்டாட்டி கையை ஒடிச்ச ஆம்பளைக்கு!"

"வாயைக் கிழிச்சிருவேன் மதினி!" பாய்ந்து வந்தான். அவன் விட்ட முதல் அறையிலேயே என் உதடு கிழிந்தது. முடியைப் பிடித்து என் தலையைக் கோட்டைச் சுவரில் மோதினான் — திரும்பவும் மோதினான். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. அப்புறம் ஒரு அலறல். என்னுடையது இல்லை. உர்சினா ஒற்றைக் கையால் கோலைப் பிடித்து, கனன்ற வட்டை அவன் முகத்தில் அழுத்திக்கொண்டிருந்தாள். தோல் கருகும் நாற்றம். "விடுடா எங்க அக்காவை!" அவன் விட்ட பிறகும் அவள் எடுக்கவில்லை. நான்தான் இழுத்தேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், இருந்தது.

மார்ச் 3

தலையில் தையல். பிளாசி ஆஸ்பத்திரியில், ஒரு கண் போய்விடுமாம். போலீஸ் வந்து விசாரித்தது. ஊர் முழுக்க ஒரே பேச்சு: "கால் வழுக்கி நெருப்புல விழுந்துட்டான்." அவன்கூட அப்படித்தான் சொன்னானாம், வெட்கம்! அப்பாடா என்றிருந்தது எனக்கு. என் வீட்டுக்கு வந்துவிட்ட உர்சினா மட்டும் எதுவும் சாப்பிடவில்லை.

மார்ச் 4

காலையில் உர்சினா குளிர்கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினாள். போலீசுக்காம்! "உனக்கென்ன பைத்தியமா? தப்பிச்சுட்டேடி! ஜெயிலுக்குப் போவே!" கத்தினேன், கெஞ்சினேன்.

"அவர் வழுக்கி விழுந்தார்னா, நான் படியில விழுந்ததும் நெசமாயிரும் அக்கா."

நானும் கூடப் போனேன். எல்லாவற்றையும் சொன்னாள், வட்டை எடுக்காமல் அழுத்தியதையும். அவள் மேலும் வழக்கு வரும், அவன் மேலும் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். வந்ததும் தட்டு நிறைய உருளைக்கிழங்கு தின்றாள். படுக்கப் போனபோது, கதவைத் தாழ் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.