கட்டையாகிப்போன கம்பி

அண்ணா,

ஜீப்பின் அன்ரனாக் கம்பி முழுவதும் புழுதி படிந்து மங்கிக் கிடக்கிறது. நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் புதிதுபோல மினுங்குகிறது. இன்று காலை முற்றம் கூட்டும்போது அதைத்தான் முதலில் கண்டேன். அம்மா அம்மன் கோயிலில் மந்திரித்து வாங்கி வந்து, தாயத்துப்போலக் காவலுக்குக் கட்டிய செப்பு அச்சரக்கூடு இருந்த இடம் அது. கூட்டைக் காணவில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்துவிட்டது. பந்தல்காரரும் வந்து எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உங்களோடு மாறி மாறி ஜீப் ஓடிய சுதன் அண்ணாதான் இப்போது யானைக் காவல்காரரைக் குளத்துக்கு அப்பால் காட்டு வயலுக்கு ஏற்றிப் போகிறார். நேற்று விடியத் திரும்பி வந்தவர் வாசல் படலையடியிலேயே கத்தத் தொடங்கிவிட்டார்.

"தங்கச்சி, கொண்ணன் உந்தச் செற்றை என்ன செய்து வச்சவன்? யானை வாய்க்காலடியில நிக்குது. நான் தொண்டை கிழியக் கத்துறன், ஒரு குஞ்சுக்கும் கேக்கேல்லை!"

வீட்டு ரேடியோச் செற்றுக்குப் பக்கத்தில் முழு நேரமும் இருந்தவள் நான். உண்மையில் ஒன்றுமே கேட்கவில்லை. அங்கே போன் வேலை செய்யாது என்றுதானே வயற்காரர் எல்லோரும் சேர்ந்து அனுமதி எடுத்து இந்தச் செற்றுகளை வாங்கினார்கள்.

அன்ரனா வாங்க வவுனியாவுக்கு என்னையும் கூட்டிப்போனீர்கள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் குசினிக்குள்ளேயே இருந்த காலம் அது. கடைக்காரர் உங்களைவிட உயரமான ஒன்றை எடுத்து நிறுத்தினார்.

"தம்பி, நீளம்தான் தூரம் போகும்."

"போகும் அண்ணை. வரேக்க பாதிக் காடும் அதில தொங்கிக்கொண்டு வரும்."

பிறகு காந்தத்தில் ஒட்டி நிற்கும் குட்டையான ஒன்றைக் காட்டினார். ஜீப் முதல் கிடங்கில் இறங்கி ஏறும்போதே அது விழுந்துவிடும் என்றீர்கள். என் பக்கம் திரும்பி, "வாயில்லாப் பூச்சி, நீ சொல்லு" என்றீர்கள். நான் நடுத்தரமாக, அடியில் சுருள் வில்லு வைத்திருந்ததைத் தொட்டேன். மரக்கொப்பு அடித்தால் வளைந்துவிட்டு நிமிரும். நீங்கள் கடைக்காரரிடம், "இவள் கதைக்கமாட்டாள், ஆனா பிழை விடமாட்டாள்" என்றீர்கள். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை நான் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கம்பியின் நீளத்தைச் செற்றுக்குச் சரியாக்க உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போனில் பார்த்துப் பார்த்துச் செய்தோம். முதலில் தகரக் கொட்டிலுக்குள் ஜீப்பை விட்டுப் பார்த்ததில், செற்றோடு மாட்டிய மீற்றரின் முள் கண்டபடி ஆடியது. மேலே தகரம் இருந்தால் அப்படித்தான் என்று அரை நாளை வீணாக்கிய பிறகுதான் விளங்கியது. சூடடிக்கிற வெளிக்குக் கொண்டுபோனோம். நான் கதவுகளைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து பொத்தானை அமத்துவேன். நீங்கள் வெளியே இரும்பு அரியும் வாளோடு நிற்பீர்கள். முள் சிவப்புக்குப் போனால், நாங்கள் அனுப்புவது வெளியே போகாமல் திரும்பி வருகிறது. கீழ் அலைவரிசைச் சனலில் சிவப்புக் கூடினால் கம்பி கட்டை, மேல் சனலில் கூடினால் நீளம். நான் கண்ணாடிக்குள்ளால் விரலைக் காட்டுவேன்.

"என்னடி, முள்ளும் உன்னை மாதிரி ஒளிக்குதோ?"

எல்லாம் சரிவந்த நேரத்தில்தான் அம்மா கூட்டைக் கொண்டுவந்தார். அம்மாவுக்கு அந்தக் கம்பியையே பிடிக்காது. கம்பி வைத்த வாகனம் எதுவும் அந்தச் சண்டைக் காலத்தில் நல்ல செய்தி கொண்டுவரவில்லை என்பார். ஜீப்பில் ஏறி நின்று அவரே நுனியில் கட்டினார். முள் ஒரேயடியாகச் சிவப்புக்குப் பாய்ந்தது.

"அம்மா, உதை உள்ளுக்க கட்டலாமே?"

"உள்ளுக்க என்னத்துக்கு? கம்பிதானே எல்லாருக்கும் தெரியிற மாதிரி நீட்டிக்கொண்டு நிக்குது."

நீங்கள் சிரித்தீர்கள். "சரி, அம்மன் மேலேயே இருக்கட்டும். நாங்கள் கம்பியைக் குறைப்பம்." கூட்டின் செம்பும் சேர்ந்து கம்பியை நீளமாக்கிவிட்டதாம். கூட்டோடு சேர்த்தே முள் இறங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினீர்கள்.

பிறகு வயலில் இருந்து காய்ச்சலோடு வந்தீர்கள். குளிசை போட்டுப் படுத்தால் போகும் என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எலிக்காய்ச்சல், பிந்திவிட்டது என்றார்கள். அதன் பிறகு நடந்தவை எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் நான் அழுகிறேனா என்று பார்த்தார்கள். அழுகை வரவில்லை, இன்னும் வரவில்லை. கீழே கூடினால் கட்டை, மேலே கூடினால் நீளம். இது மட்டும் மனத்துக்குள் வந்துகொண்டிருக்கிறது.

இன்று காலை அம்மாவிடம் கூடு எங்கே என்று கேட்டேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கிணத்துக்க போட்டிட்டன். பிள்ளையைக் காக்காதது கம்பியைக் காக்குமே?"

நான் சுதன் அண்ணாவிடம் ஜீப்பை வெளிக்குத் தள்ளிவிடச் சொல்லி, உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினேன். கீழ்ச் சனலில் முள் சிவப்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. மேலே போகப் போக இறங்கியது. கட்டை. கூடு இருந்தவரை சரியாக இருந்த கம்பி, கூடு போனதும் கட்டையாகிவிட்டது. வெட்டியதை நீட்ட முடியாது.

இறங்கிவந்து அவரிடம் காரணத்தைச் சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் கதைத்ததை அவர் முன்பு கேட்டதில்லை.

"அப்ப வேறை ஒரு செப்புக் கூட்டைக் கட்டினால் சரிதானே?"

"வேண்டாம். அம்மாக்கு முன்னால இனி அதில ஒண்டும் கட்டேலாது. ஏன் பழுதானதெண்டும் அவாட்டைச் சொல்லாதேங்கோ. புதுக் கம்பி வாங்கியாங்கோ."

"இண்டைக்கும் நாலு பேர் போறாங்கள் தங்கச்சி. கேக்காட்டில் நான் ஏத்தமாட்டன்."

மத்தியானத்துக்குப் பிறகு அதே மாதிரிக் கம்பியோடு வந்தார். உங்கள் கம்பியை நானே கழற்றினேன். கையில் பாரமே இல்லை. அதை ஜீப்பின் சீற்றுக்கு அடியில் வைத்தேன். புதியதை மாட்டியதும் அவர் வாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஒரே வெட்டில முடிப்பம்."

"இல்லை. நீங்கள் உள்ள இருந்து முள்ளைப் பாருங்கோ. கதவைச் சாத்துங்கோ."

"கொண்ணனை விட நீ பெரிய அதிகாரி போல!"

நான் வெட்டினேன், அவர் விரலைக் காட்டினார். மறுபடி வெட்டினேன். கம்பி உங்களுடையதைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும்போதே முள் எல்லாச் சனலிலும் கீழே இறங்கி நின்றது. நான் வாளைக் கீழே வைத்தேன். இன்னும் ஒரு தடவை வெட்டவேண்டும்போல கை இருந்தது. வெட்டவில்லை.

காவல்காரர் ஏறினார்கள். அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். ஜீப் குளக்கட்டில் ஏறி மறைந்தது. நான் வீட்டுச் செற்றுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து வற்றும் சத்தம் கேட்டது. எழும்பவில்லை.

"வீடு, வீடு. வாய்க்காலடியில நிக்கிறம். கேக்குதோ?"

பொத்தானை அமத்தினேன்.

"கேக்குது. சொல்லுங்கோ."