பிஞ்சோடு பறித்த பூ

மார்கழி ஆறு, இரவு.

அம்பலத்தில் ஆடும் பெருமானே, அடியேனின் கையையும் நாவையும் பொறுத்தருள்க.

நூம்பல் பூங்காவில் தோட்ட வேலை செய்யும் கன்னியம்மாள், தண்ணீர்த் தொட்டியருகே பூசணிக்கொடி வளர்க்கிறாள். மார்கழிக் கோலத்துக்கு ஆண்பூவை எவரும் பறிக்கலாம். பிஞ்சு தாங்கிய பெண்பூவைத் தொடலாகாது. மாசியில் மகளின் வளைகாப்பு விருந்துக்குத் தன் கையால் விளைந்த காய் வேண்டும் என்பது அவள் ஆசை. இதுவரை அரும்பியதோ ஒரே பெண்பூ.

இன்று காலை நான் நடைக்குச் சென்றபோது அதைக் காணவில்லை என்று அவள் புலம்பிக்கொண்டிருந்தாள். எனக்குச் சினம் பொங்கியது. அங்கே நடந்துகொண்டிருந்த பெண்களை நிறுத்தி, பக்தி என்ற பெயரில் பாவம் செய்கிறீர்கள் என்று வெகுநேரம் கடிந்துகொண்டேன்.

வீடு திரும்பினால், வாசல் கோலத்தின் நடுவே, விடியுமுன் அந்தக் கொடியில் நான் பறித்துத் தந்த பூ. அடியில் நெல்லிக்காயளவு பிஞ்சு.

"இருட்டுல கண்ணாடி போட்டுகினு போங்கன்னா கேட்டாத்தானே!" என்றாள் என் மனைவி.

உடனே திரும்பிப் போய்க் கன்னியம்மாளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் தலையிலடித்துக்கொண்டாள்.

"இன்னா சாமி நீ! என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அந்தப் பொண்ணுங்கள அம்மாம் பேச்சு பேசினியே, அவங்களாண்ட போய் சொல்லு."

அதற்குள் அவர்கள் கலைந்துவிட்டார்கள். நாளை சொல்லியே ஆக வேண்டும். எத்தனை பதிகம் ஓதியும் இந்த நாக்கு அடங்கவில்லையே என்று எரிச்சலாக வருகிறது.

கன்னியம்மாளின் மகள் சுகமாகப் பெற்றெழுக. என்னிடம் வசை கேட்ட பெண்களின் மனைகளும் தழைக்க.