சிவப்புச் சேலையும் மலரின் பூட்ஸும்

ஓகஸ்ட் 5, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். சமையலறைக் கூரையில் ஒழுகல், வாளி வைத்தாயிற்று. பிரஷர் மாத்திரை முடிகிறது.

தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா எங்கள் வீட்டுக்கே வந்தார். சனிக்கிழமை வெளிநாட்டுக்காரர்கள் தேயிலைக் கொழுந்து பறிப்பதைப் பார்க்க வருகிறார்களாம். “மாஸ்டர்தான் இங்கிலீஸ்ல விளக்கம் சொல்லணும். தொரையே ஒங்க பேரச் சொன்னாரு.” தோட்ட மேலாளரான துரை தந்த தலைப்பு: தோட்டப் பெண்களின் பாரம்பரிய உடை. ஆசிரியர் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு என் ஆங்கிலத்துக்கு முதல் அழைப்பு. சம்மதித்தேன். அவர் போனதும் பழைய அகராதியைத் தேடி எடுத்தேன்.

ஓகஸ்ட் 6, புதன்

மழை இல்லை. மருமகள் மலர் கொழுந்து எடுக்கும் மலையிலிருந்து கோபத்தோடு வந்தாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாருக்கும் சிவப்புச் சேலை கொடுத்தார்களாம். சனிக்கிழமை அதுதான். மூக்குத்தி, தலையில் பூ. இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பான படங்கு கட்டக் கூடாது. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை கூடாது. வெறுங்கால்.

“படங்கு இல்லாம செடிக்குள்ள போனா குச்சி கிழிச்சிரும் மாமா. கால்ல அட்டை ஏறும். அவங்களுக்குப் படம் அழகா வேணுமாம்.”

“ஒரு நாளைக்குத்தானே,” என்றேன். என் வாய் முதலில் அப்படித்தான் சொல்லும்.

“உடுத்தலன்னா பேரு போட மாட்டாங்களாம்.” பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் வாசலில் நின்று, “எனக்கு மூக்குத்தி இல்ல. கண்டாக்கு ஐயா சம்சாரத்துக்கிட்ட எரவல் கேக்கவா?” என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓகஸ்ட் 7, வியாழன்

குளிர். உரைக்குக் குறிப்பு, அந்தக் கால வழக்கங்கள். எழுதி எழுதி அடித்தேன்.

– துரை எதிரே வந்தால் குடையை மடக்க வேண்டும்.
– தலைத்துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும்.
– செருப்பு கக்கத்தில். அப்பா அப்படித்தான் துரை பங்களாவைத் தாண்டுவார்.
– ஆசிரியர் வேலையின் முதல் நாள், நான் முழுக்கால் கழுசான் போட்டதற்கு லயத்து வரிசை வீடுகள் எல்லாமே “தொரை வாராரு” என்று கத்தியது.

இதில் சிவப்புச் சேலை எங்கே? அம்மா உடுத்தியது சாயம் போன சேலை. மழைக்கு மேலே கம்பளி, இடுப்பில் சாக்கு. பாரம்பரியம் என்றால் சாக்குதான். இதைத் துரைக்குப் பக்கத்தில் நின்று சொல்ல முடியுமா? நான்?

மலர் பூட்ஸைக் கழுவி அடுப்பருகே கவிழ்த்தாள். கொழும்பில் வேலை பார்க்கும் என் மகன் அனுப்பியது. “நான் வேலைக்குப் போற மாதிரித்தான் மாமா போவேன். ஒங்களுக்குச் சங்கடம்னா ஒடம்பு முடியலன்னு சொல்லிருங்க.” எனக்கு வழி விடுகிறாள். சுருக்கென்றது.

ஓகஸ்ட் 8, வெள்ளி

தலவாக்கலை டவுனுக்குப் போனேன். மாத்திரை, மண்ணெண்ணெய், நூல்கண்டு. பஸ்ஸில் முன் இருக்கையில் இருவர்:

“மாஸ்டரு மருமக சேலையத் திருப்பிக் குடுத்துட்டாளாம்.”

“அவரு வாயே தொறக்க மாட்டாரு. அவருக்கும் சேத்து இவ பேசுறா.”

இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஓகஸ்ட் 9, சனி

நல்ல வெயில். மலைச்சரிவில் வரிசையாகச் சிவப்பு. நடுவில் மலர் மட்டும் மகனின் பழைய கட்டம் போட்ட சட்டை, நீலப் படங்கு, தலையில் கொங்காணித் துணி, கறுப்பு பூட்ஸ்.

“அந்தப் புள்ளயப் பின்னால போகச் சொல்லுங்க மாஸ்டர்,” என்று கண்டாக்கு காதருகே. அதற்குள் நரைத்த தலை வெள்ளைக்கார அம்மா மலரைக் காட்டிக் கேட்டுவிட்டார்: அவர் மட்டும் ஏன் வேறு மாதிரி? துரை என்னைப் பார்த்தார்.

ஆங்கிலத்தில் சொன்னேன்: இங்கே வேலைக்கு உடுத்தி வந்திருப்பவர் அவர் ஒருவர்தான். அவர் என் மருமகள் என்றும் சொன்னேன். யாரும் கேட்காமலே. பிறகு சட்டை எதற்கு, படங்கு எதற்கு, பூட்ஸ் எதற்கு என்று விளக்கினேன். அப்பாவின் கக்கத்துச் செருப்பும் வந்தது. அந்த அம்மா எழுதிக்கொண்டார்.

“என்ன சொன்னீங்க மாஸ்டர்?” என்றாள் பாக்கியம். தமிழிலும் சொன்னேன்.

“அப்ப நாங்க என்ன நாடகத்துக்கா வந்திருக்கோம்?” கூடைக்குள் ஒளித்து வைத்திருந்த படங்கை எடுத்துச் சேலைக்கு மேல் கட்டினாள். அடுத்தவள் கட்டினாள். அதற்கடுத்தவள். கொண்டு வராதவளே இல்லை. கொஞ்ச நேரத்தில் சரிவில் இடுப்புக்குக் கீழே சிவப்பு இல்லை.

துரை விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போனார். வீடு வந்தும் அதே யோசனை. சோறு இறங்கவில்லை. பேர் போடுவார்களா?

ஓகஸ்ட் 11, திங்கள்

மூடுபனி. மாலையில் கண்டாக்கு வந்தார். “சனிக்கிழமப் பேரு எல்லாருக்கும் முழுசாப் போட்டாச்சு. அடுத்த மாசமும் ஆளுங்க வாராங்க. பூட்ஸ் போட்ட பொம்பளையத்தான் கேக்குறாங்களாம். எல்லாரும் அப்பிடியே வந்து நிக்கணும்னு தொரை சொல்றாரு.”

“நிக்க மாட்டோம்,” என்றாள் மலர். “கொழுந்து எடுப்போம். படம் புடிக்கிறவங்க புடிச்சுக்கட்டும். பூட்ஸ் வேணும்னா தோட்டம் எல்லாருக்கும் வாங்கிக் குடுக்கட்டும்.”

“மாஸ்டர், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க.”

“அவ சொன்னதுதான்,” என்றேன்.

கண்டாக்கு கிளம்பினார். அவர் வந்தால் எழுந்து நிற்பது என் வழக்கம். இன்று நான் எழவே இல்லை என்பது அவர் வாசல் படலையைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது.