எண் அழிந்த பலகை

12.6.2005, ஞாயிறு

செம்மண்டலத்தில் வெளிநாட்டுக் கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் வீட்டை இன்று பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். செய்திக்காகப் போனேன். ஓர் அறையில், சுனாமியில் உடைந்த படகின் முகப்புப் பலகைக்கு வெள்ளை அடித்து, கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார் ஒரு பெண் சிற்பி. கரையில் கிடந்ததை எடுத்துவந்தாராம்.

வேடிக்கை பார்க்க வந்த மீனவர் கலியமூர்த்தி அதனடியில் அப்படியே நின்றுவிட்டார். பலகையில் தகரம் வைத்து ஒட்டுப் போட்டிருந்த இடத்தைத் தடவினார்.

"இது நா அடிச்ச தகரம் சார். நம்ம போட்டுதான். நம்பர் எங்க?"

உடைந்த படகில் பதிவு எண் உள்ள துண்டைக் கொண்டுவந்தால்தான் நிவாரணத்தில் புதுப் படகுக்கு எழுதுவேன் என்று மீன்துறை அதிகாரி சொல்லியிருக்கிறார். மாதக்கணக்கில் கரையெல்லாம் தேடியிருக்கிறார் மனிதர்.

சிற்பியிடம் கேட்டேன். எல்லாப் படகுகளுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று எண்ணைத் தேய்த்து எடுத்துவிட்டாராம். விஷயத்தை விளக்கியதும் அழுதுவிட்டார். பலகையைக் கொண்டுபோகச் சொன்னார்.

"நம்பர் இல்லாத கட்டைய வச்சி அடுப்புதான் எரிக்கணும். அவுங்களையே வச்சிக்கச் சொல்லுங்க. அழுவ வேணாம்னும் சொல்லுங்க சார், பாக்க ஒரு மாதிரி இருக்கு."

வாசல் வரை அவருடன் போனேன். நாளை அதிகாரியிடம் வந்து, உங்கள் பலகையை நானே பார்த்தேன் என்று சொல்கிறேன் என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "நம்பரப் பாத்தீங்களா?"

"இல்லை."

"அப்பறம் என்னான்னு சார் சொல்லுவீங்க?"

அவர் போய்விட்டார். செய்தியை இன்னும் எழுதவில்லை. ஆபீசில் நாலு வரியும் ஒரு படமும் போதும் என்கிறார்கள்.