அண்ணன் குரலில் பேசிய கம்ப்யூட்டர்

அம்மா,

உன் கால் வீக்கம் வடிந்ததா? நாய்களுக்கு யார் தீனி வைக்கிறார்கள்? அடிலெய்டில் எனக்குக் குளிர் ஒன்றுதான் தொந்தரவு.

பதறாமல் கேள். வெள்ளைக்காரர்கள் வருமுன்பே இந்த மண்ணில் நம் பழங்குடி பேசிவந்த மொழியில் பேசக் கம்ப்யூட்டரைப் பழக்கும் ஹேமிஷ் என்ற மாணவனுக்குத்தானே நான் பேசிக் கொடுக்கிறேன். அவன் யாரையும் கேட்காமல், முன்பு நம் ஊரில் எடுத்த பழைய குரல் பதிவுகளையும் அதற்குள் போட்டுவிட்டான். நேற்று, "அக்கா, இதக் கேளுங்களேன்!" என்று சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானைத் தட்டினான்.

"தங்கச்சி, டீ போட்டியா?"

உன் மகனின் குரல். நம் வழக்கப்படி, துக்கம் முடியும்வரை பெயரைக்கூட நாம் சொல்லாத அண்ணனின் குரல்.

"நிறுத்துடா! செத்தவங்க குரல யாராச்சும் எழுப்புவாங்களா?" என்று கத்திவிட்டேன்.

"இறந்துட்டாருன்னு தெரியாதுக்கா. அழிச்சிடட்டுமா?" என்றான், அழாத குறையாக.

அந்த வார்த்தைகளை அண்ணன் எந்தப் பதிவிலும் பேசவில்லையாம். கம்ப்யூட்டரே கோத்துச் சொன்னதாம். அதுதான் என்னை நடுங்க வைக்கிறது.

அழிப்பதா, துக்கம் முடியும்வரை பூட்டி வைப்பதா? மாமாவைக் கேட்டு நீதான் சொல்ல வேண்டும். அண்ணனின் ஆவி அமைதியாகப் போக அந்த அறைக்குப் புகை போட வேண்டும்; நம் ஊர் இலை கொஞ்சம் அனுப்பு.

பஸ் வந்துவிட்டது. இலையைச் சீக்கிரம் அனுப்பம்மா. அது மறுபடி கேட்டால், "போட்டுட்டேன் அண்ணே" என்று பதில் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

உன் மகள்
ரோஸ்லின்