தின்னாக

சித்தூர்,
4.6.1998

அன்புள்ள யமுனாவுக்கு அம்மாவின் ஆசிகள்.

போன கடிதத்தில் 'சர்க்கறை' என்று எழுதியிருக்கிறாய். அந்த வல்லின றகரம் எங்கிருந்து வந்தது? எலிகளைச் சோதிக்கிறவள் எழுத்தையும் சோதிக்கலாம்.

டாக்டர் உமாபதி மறுபடி ரத்தம் எடுத்தார். வெறும் வயிற்றில் இருநூற்றுப் பத்து. போன மாதத்தைவிட அதிகம். "மாத்திரை போட்டுக்கினு வரீங்களா?" என்றார். சொன்னபடி தவறாமல் போடுகிறேன் என்றேன். கான்வென்ட்டில் படிக்கும்போது எனக்கு மார்க் ஏறினால் பரிசு தருவார்கள். இங்கே ஏறினால் திட்டு.

எதிர்வீட்டு ரங்கையா இந்த மாத்திரை ஈரலைச் சுட்டுவிடும் என்கிறார். உண்மையா? எதுவானாலும், இதைச் சாக்காக வைத்து அமெரிக்க வேலையை விட்டுவிடாதே.

அன்புடன்,
அம்மா

திருப்பதி,
8.6.1998

அன்புள்ள அம்மா,

றகரத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இருநூற்றுப் பத்துக்கு நீங்கள் கேளுங்கள்.

ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் ஆக்ஸிஜனே முரடாகி ஈரலை அரிக்கிறது, நம் கேட்டில் துரு ஏறுவதுபோல. எங்கள் லேபில் சர்க்கரை வந்த எலிகளுக்கு உங்கள் மாத்திரையைத்தான் கொடுக்கிறேன். கொடுக்காத எலிகளைவிட இவற்றின் ஈரல் நன்றாக இருக்கிறது. எலியைப் பார்த்து மனிதருக்கு உறுதி சொல்ல முடியாதுதான். ஆனால் ரங்கையா மாமாவிடம் ஓர் எலிகூடக் கிடையாதே!

ஹூஸ்டனுக்கு ஜூலை பத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் சர்க்கரை இறங்காவிட்டால் 'வரவில்லை' என்றுதான் எழுதுவேன். மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள்? ஒன்று விடாமல் எழுதுங்கள்.

உங்கள்,
யமுனா

சித்தூர்,
11.6.1998

அன்புள்ள யமுனாவுக்கு,

மருந்துக் கடை ஹரிபாபு கவரை நீட்டி, "அம்மா, தின்னாக வேசுகோண்டி" என்றான். கூட வந்த பொன்னியம்மா, "துன்னாக்காத்தான் போடணுமாம்மா. துன்னலன்னா வேணாம்" என்றாள்.

"எதைத் தின்றால்?"

"இன்னாம்மா நீ! சக்கர மாத்திரைக்கு வேற இன்னாத்த துன்னுவாங்க? ஸ்வீட்டுதான்!"

பாத்திரம் தேய்க்கிறவளானாலும் அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. மூன்று மாதத்தில் உகாதிக்கு ஒரு போளி, உன் சித்தப்பா மகன் தமிழரசு கல்யாணத்தில் ஒரு ஜாங்கிரி. ஆகவே இரண்டு மாத்திரை. மாம்பழம் இதில் சேராது, அது பழம். மீதி மாத்திரையெல்லாம் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. குறைவாகப் போடுவது ஈரலுக்கும் நல்லதென்று நினைத்தேன்.

அன்புடன்,
அம்மா

திருப்பதி,
14.6.1998

அம்மா, என் அம்மா!

தெலுங்கில் 'தின்னாக' என்றால் 'தின்றால்' இல்லை. 'தின்ற பிறகு'! ஸ்வீட்டும் இல்லை, சாப்பாடு. தினமும் இரண்டு வேளையும். ஹரிபாபு சொன்னது தெலுங்கு, உங்கள் காதில் விழுந்தது தமிழ்.

கடிதத்தை லேபில் உரக்கப் படித்தேன். எங்கள் கைடு ஜெயச்சந்திரன் சார் சிரிப்புத் தாங்காமல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன் எலிங்களே தேவலயேம்மா, வேளாவேளைக்குத் துன்னுதுங்க" என்றார்.

இன்றைக்கே டாக்டரைப் பார்த்து நடந்ததைச் சொல்லுங்கள். அவர் சொல்லும் அளவில் தொடங்குங்கள். மாம்பழமும் ஸ்வீட்டுதான்.

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்,
யமுனா

சித்தூர்,
6.7.1998

அன்புள்ள யமுனாவுக்கு,

நாற்பது வருடமாக இந்த ஊரில் தெலுங்கு பேசுகிறேன். தவறு ஹரிபாபுவின் உச்சரிப்பில். அவனிடமே சொன்னேன். "சரேம்மா, நாதே தப்பு" என்று ஒப்புக்கொண்டான். உன் அப்பா இருந்திருந்தால் தாலுகா ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார். சொந்த மகளே லேபில் படிப்பாளென்று நான் எதிர்பார்க்கவில்லை.

இன்று வெறும் வயிற்றில் நூற்று இருபத்தெட்டு. டாக்டர் அவசியமில்லை என்று சொல்லியும் விடாமல் ஈரல் சோதனைக்கும் ரத்தம் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. ரிப்போர்ட்டை ரங்கையாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, உன் எலிகள் சௌக்கியமா என்று கேட்டார்.

இன்றைக்கே ஹூஸ்டனுக்கு வருகிறேன் என்று எழுது.

பெட்டி வாங்கப் போகலாமென்றதும் பொன்னியம்மா, "பாப்பா அமெரிக்கா போனாக்கா நம்மள மறந்துடுமாம்மா?" என்று மூக்கைச் சிந்தினாள். இந்த வீட்டில் இனி 'போனாக்கா' கிடையாது என்று அவளைத் திருத்தினேன்.

போன பிறகு எழுது. இடையின ரகரம் போட்டு எழுது.

அன்புடன்,
அம்மா