படியேறிப் போய்க் கேட்கச் சொன்னாய்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் கருமாதிப் பந்தலில் வைத்து நான் ஜன்னல் கதையைச் சொல்லிவிட்டேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை. உன் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அழுதுவிடுவான் போல இருந்தது. என் வாய்க்கு வேறு வேலை தெரியாதே! “ஒங்கக்கா என்னைய கிளாக்கரு வேலை கேக்க அனுப்புன கதை தெரியுமாடா?” என்று ஆரம்பித்துவிட்டேன். நாற்பது தடவை கேட்டவன் நாற்பத்தொன்றாவது தடவையும் சிரித்தான். பந்தலே சிரித்தது. காரியம் செய்ய வந்த பண்டாரம் முறைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அவரும் துண்டால் வாயை மூடிக்கொண்டார். நான் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. கால் மரத்துப்போனால் அது நம் கால்தானா என்று கிள்ளிப் பார்ப்போமே, அப்படித்தான் இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

இன்று உன் தகரப்பெட்டியைத் திறந்தேன். சேலைகளை யார் யாருக்குக் கொடுப்பது என்று உன் தம்பி பெண்சாதி கேட்டிருந்தாள். சேலைகளுக்கு அடியில், உன் பழைய நீல ரவிக்கைத் துணியில் சுருட்டிய ஒரு டப்பா. சப்பாத்துப் பொலிஷ்! உள்ளே காய்ந்து வெடித்து, மழை காணாத சேறு மாதிரி கிடந்தது. வாசனை மட்டும் அப்படியே இருந்தது. நம் வீட்டில் சப்பாத்து ஏது? இருந்தது ஒரே ஒரு ஜோடி. அதுவும் இரவல், மூன்று வாரத்தில் இரண்டு தடவை.

அப்போது நமக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். நான் நோர்வூட் டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். நீ மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாய். நம் லயத்து வரிசைவீடுகளில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்த ஒரே பிரகிருதி நான் என்பதால், அடுத்த தோட்டத்தில் சின்னக் கிளாக்கர் வேலை காலி என்றதும் ஊரே என்னைத் தள்ளிவிட்டது. கிளாக்கருக்குத் தனி வீடு உண்டு, குசினிக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் உண்டு என்று யாரோ உன் காதில் போட்டுவிட்டார்கள். லயத்துக் கோடிப் பீலித் தண்ணீருக்கு, மழையில் குடத்தோடு வரிசை நின்று அலுத்தவள் நீ. வேலை எனக்கு, குழாய் உனக்கு என்று அன்றைக்கே பாகம் பிரித்துவிட்டோம்.

நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லிக் கடுதாசி வந்தது. நானா தன் மகனுடைய சப்பாத்தைக் கொடுத்தார். “பத்திரம் தம்பி, மகன்ட கலியாணச் சப்பாத்து” என்றார். எனக்கு ஒரு அளவு பெரிது. நுனியில் பேப்பரைத் திணித்துக்கொண்டு போனேன். தோட்டத்துப் பெரிய துரை என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். பாதி உட்கார்ந்தேன். ஒரு லெட்டர் எழுதச் சொன்னார், எழுதினேன். படித்துவிட்டுத் தலையாட்டினார். “நல்லது. கடிதம் வரும்” என்றார். அரைமணி நேரம் என் முகத்துக்கு எதிரேயே உட்கார்ந்திருந்தார். இதை நீ ஞாபகம் வைத்துக்கொள்.

கடிதம் வரவில்லை. மூன்று வாரத்தில் தபால்காரன் என்னைக் கண்டால் குறுக்குப்பாதையில் இறங்க ஆரம்பித்துவிட்டான். கடைசியில் ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நீ சொன்னாய்:

“இப்புடியே ஒக்காந்திருந்தா வேரு விட்டுருவீங்க. போயி நேருல கேட்டுட்டு வாங்க.”

“தொரைகிட்டப் போயி எப்புடி புள்ள ஞாபகப்படுத்துறது? கோவிச்சுக்கிட்டா?”

“கோவிச்சா கோவிச்சுக்கிட்டுப் போறாரு. வேலை இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டும். ஆனா ஒண்ணு, ஜன்னப் பக்கம் போயிராதீங்க. படியேறிப் போயி கதவத் தட்டுங்க. நாங்கதான் ஜன்னலு. நீங்க கதவு.”

தோட்டத்து ஆபீஸ் சட்டம் நமக்குப் பால்குடியிலிருந்து தெரியும். தொழிலாளி உள்ளே போகக்கூடாது. லீவோ தகராறோ, வெளியே ஜன்னலடியில் வரிசையாக நின்று, முறை வந்ததும் தலையை நீட்டிச் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் துரைக்கு அந்தத் தலை மட்டும்தான் தெரியும்.

அடுத்து நடந்ததை நாடறியும். நாடறிந்தபடியே சொல்கிறேன். நானாவின் சப்பாத்தை மறுபடியும் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். ஆபீஸ் முடக்குத் திரும்பியதும், துரை இருக்கும் இடமாயிற்றே என்று கை தானாகக் குடையை மடக்கியது. கால் தானாகச் சப்பாத்தைக் கழற்றியது. சப்பாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நான் பாட்டுக்கு ஜன்னல் வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு கிழவி, கூரை ஒழுகுது என்று. எனக்குப் பின்னால் ஒருவன், தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு வேண்டுமென்று. என் முறை வந்தது. தலையை நீட்டினேன்.

“என்னா வேணும்?”

“வேலை விசயமா வந்தேனுங்க தொரை.”

அரைமணி நேரம் பார்த்த முகத்தைத் துரை அரை நிமிடம் பார்த்தார். பெரிய கிளாக்கரிடம் திரும்பி, “பேர் எழுது. கவ்வாத்துக்கு ஆள் காணாது” என்றார்.

அங்கே வாயைத் திறக்க வேண்டியவன் என்ன சொன்னேன்? “சரிங்க தொரை” என்றேன். கிளாக்கர் வேலை கேட்கப்போனவன் தேயிலைச் செடி வெட்டுகிற கத்தியோடு திரும்பி வந்தேன்.

உன்னிடம் வந்து இதைச் சொன்னேன். என் காலைப் பார்த்தாய், சப்பாத்தைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய் பார், பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்க்கிற மாதிரி! “என்னங்க கிளாக்கரையா, கத்திய எப்பத் தீட்டப்போறீங்க?” அன்றிலிருந்து கடைசிவரை நான் உனக்குக் கிளாக்கரையாதான். பருப்புக்கு உப்பில்லை என்றால் “கிளாக்கரையா லெட்டர் எழுதிப் போடுங்க” என்பாய். மனுசன் வெட்கப்பட இடமே வைக்கவில்லை நீ.

குழாய் வரவில்லை. அதே தோட்டத்து லயத்துக்கு வந்தோம். அங்கேயும் பீலி கோடியில்தான். பதினான்கு வருடம் குடம் தூக்கினாய். நான் கவ்வாத்து வெட்டி, பிறகு ஸ்டோரில் கொழுந்து நிறுக்கிறவனானேன். கல்யாணவீடு, சடங்குவீடு எங்கே போனாலும் “ஜன்னக் கதைய சொல்லுங்கண்ணே” என்பார்கள். சொல்வேன். ஒன்று கவனித்திருக்கிறேன். கதையில் நான் ஆபீஸ் முடக்குத் திரும்பும் இடம் வந்ததும் நீ என்னைச் சொல்லவிடமாட்டாய். எங்கிருந்தாவது குறுக்கே வந்து, “கதவுன்னு ஒண்ணு இருக்குறதையே மறந்துட்டாருப்பா மனுசன்!” என்று நீயே சொல்லிவிட்டுப் போவாய். என் நல்ல வரியைத் திருடுகிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது.

இனித் திருட ஆளில்லை. அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

நான் மறக்கவில்லை. சப்பாத்தோடு நேரே கதவுக்குத்தான் போனேன். நீ சொன்னபடி படியேறினேன். அன்று காலைதான் படிக்குச் சிவப்புப் பொலிஷ் பூசியிருக்கிறார்கள், நான் பார்க்கவில்லை. நாலாவது படியில் பியூன் வந்து மறித்தான்.

“எங்க வாறே?”

“தொரையப் பாக்கணும். போன மாசம் இன்டர்வியூக்கு வந்தேன்.”

“அன்னிக்குக் கடுதாசியோட வந்தே. இன்னிக்குக் கடுதாசி எங்க?”

“அது வரலைன்னு கேக்கத்தானே வந்தேன்.”

“கடுதாசி இருந்தா கதவு, இல்லாட்டி ஜன்னலு. படியெல்லாம் மிதிச்சு வச்சிருக்கியே! கழட்டுடா சப்பாத்த. தொடச்சிட்டுப் போ.”

துடைத்தேன். ஜன்னல் வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் துடைக்கிற என் லேஞ்சியால் நாலு படியையும் துடைத்துவிட்டுத்தான் அந்தக் கிழவிக்குப் பின்னால் போய் நின்றேன். திரும்பும் வழியில் லேஞ்சியை ஆற்றில் போட்டேன். சப்பாத்தின் அடியைப் புல்லில் தேய்த்தேன், சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறவரை. வழியெல்லாம் இந்த மறதிக் கதையைக் கட்டிக்கொண்டே வந்தேன். படியில் முட்டிபோட்டவனைவிட, பழக்கதோஷத்தில் ஜன்னலுக்குப் போன மடையன் உனக்குப் புருசனாக இருக்கட்டும் என்று தோன்றியது. உனக்குத் தெரியாமல் பதினான்கு வருடம் காப்பாற்றினேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே கிளாக்கர் வேலை அதுதான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இப்போதும் தண்ணீருக்குப் போனால் என்னையறியாமல் இரண்டு குடம் எடுத்துக்கொண்டு போகிறேன். யாராவது “கிளாக்கரையா” என்றால் திரும்பிப் பார்க்கிறேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பொலிஷ் டப்பாவைத் திரும்பவும் சுற்றி வைக்கத்தான் அந்த ரவிக்கைத் துணியை விரித்தேன். நானாவிடம் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால், அன்று சாயங்காலம் நீதான் இதே துணியால் சப்பாத்தைத் துடைத்தாய். துணியின் ஒரு பக்கம் கறுப்பு. மறுபக்கம் சிவப்பு.